பூட்டு இடம் மாறிய கதை

முதுகில் ஒரு பை. அதில் இரண்டு ஜீன்ஸ், நாலைந்து டீ-ஷர்ட், ஒரு ரெயின்கோட், சார்ஜர். கையில் ரயில் பாஸ். பாரிஸில் பிடிக்கவில்லையென்றால் பிரஸ்ஸல்ஸ், அங்கேயும் போரடித்தால் பெர்லின். எங்கே தூக்கம் வருகிறதோ அங்கே படுக்கை. இப்படி நாலைந்து மாதம் ஐரோப்பா முழுக்கச் சுற்றிவிட்டு வரவேண்டும்.

ஆவடியைத் தாண்டி பட்டாபிராம் போகிற வழியில் இருக்கிற சேக்காட்டிலும் இன்றைக்கு இந்த ஆசை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கோ ஐ.டி. கம்பெனிக்கோ வேலைக்குப் போய் மூன்று வருடம் பணம் சேர்த்த பிள்ளைகள். தப்பே இல்லை. ஆசைப்படுகிற வயசு. ஆனால், பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது ஒரு கதை. விசாவுக்குப் போகும்போது வேறொரு கதை.

பாஸ்போர்ட் பிரச்னையே இல்லை. இணையத்தில் விண்ணப்பம், அமைந்தகரை சேவா கேந்திராவில் ஒரு காலைப்பொழுது, ஸ்டேஷனிலிருந்து ஒரு விசாரணை. முடிந்தது. தபால்காரர் வீட்டு வாசலில் வந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். விசா அப்படியில்லை. "பேங்க்ல எவ்ளோப்பா காட்டணும்?" என்று ஆரம்பித்து, சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, ஆபீஸில் லீவ் கொடுத்த கடிதம், தங்கப்போகும் ஓட்டல் ரசீது, திரும்பி வரும் டிக்கெட், முப்பதாயிரம் யூரோவுக்கு இன்ஷூரன்ஸ் என்று ஃபைல் தடித்துக்கொண்டே போகும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இது அப்படியே தலைகீழ் என்று சொன்னால் நம்புவீர்களா? அன்றைக்கு ஐரோப்பா கதவைத் திறந்து வைத்திருந்தது. பூட்டு நம் வீட்டு வாசலில் தொங்கியது. அந்தப் பூட்டு எப்படி இங்கிருந்து அங்கே போனது? அதுதான் கதை. கதையின் முக்கியமான திருப்பத்தில் தமிழர்கள் நிற்கிறார்கள்.

*

திருவல்லிக்கேணியில் 1887-இல் பிறந்தவர் மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியார். சரித்திரத்தில் எம்.பி.டி. ஆச்சார்யா. பாரதியார் எழுதிய 'இந்தியா' பத்திரிகையை நடத்திய அதே மண்டயம் குடும்பம். 1908-இல் போலீஸ் நெருக்கடி தாங்காமல் பத்திரிகை பாண்டிச்சேரிக்கு இடம் மாறியபோது ஆச்சார்யாவும் போனார். அங்கேயும் நிம்மதியில்லை. அந்த வருடக் கடைசியில் கொழும்பிலிருந்து கப்பலேறினார். பிரான்ஸின் மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் இறங்கி பாரிஸ் போனார். அங்கிருந்து லண்டன். வயது இருபத்தொன்று.

கையில் பாஸ்போர்ட்? கிடையாது. விசா? அந்த வார்த்தையே அவருக்குத் தேவைப்படவில்லை.

அதிர்ஷ்டமெல்லாம் இல்லை. முதல் உலகப்போருக்கு முந்தைய மேற்கு ஐரோப்பா அப்படித்தான் இருந்தது. ரஷ்யாவும் துருக்கி சாம்ராஜ்யமும்தான் பாஸ்போர்ட் கேட்டுத் தொல்லை பண்ணும். மற்ற இடங்களில் டிக்கெட்டுக்குக் காசிருந்தால் போதும். போய்க்கொண்டே இருக்கலாம்.

ஆச்சார்யா போய்க்கொண்டே இருந்தார். லண்டன் ஹைகேட்டில் இருந்த இந்தியா ஹவுஸில் வாசம். வ.வே.சு. ஐயரோடும் சாவர்க்கரோடும் பழக்கம். 1909-இல் மொராக்கோவில் ஸ்பெயினை எதிர்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ரிஃப் மக்களோடு சேர்ந்து யுத்தம் பழகலாம் என்று ஒரு நண்பரோடு கிளம்பினார். திட்டம் பலிக்கவில்லை. லிஸ்பன் போனார். மறுபடி பாரிஸ். பிறகு பெர்லின், மியூனிக், கான்ஸ்டான்டிநோபிள். 1912-இல் நியூயார்க். முதுகில் பையோடு சுற்றுகிறவன் என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அந்த ஜாதியில் தமிழ்நாட்டின் மூத்த உதாரணம் அநேகமாக இவர்தான். என்ன, இவர் தேடிப்போனது மியூசியம் இல்லை, புரட்சி.

வ.வே.சு. ஐயர் தப்பியதும் இந்தத் திறந்த கதவு வழியாகத்தான். 1910-இல் சாவர்க்கர் லண்டனில் கைதானார். அடுத்து ஐயர்தான் என்று தெரிந்ததும் மனிதர் பாரிஸுக்கு நழுவினார். அங்கிருந்து மாறுவேஷத்தில் அதே வருடக் கடைசியில் பாண்டிச்சேரி வந்து சேர்ந்தார். ஒரு கதை சொல்வார்கள். வழியில் சந்தேகப்பட்ட ஓர் ஆசாமி அவர் பெட்டியின் மேலிருந்த 'வி.வி.எஸ்.' எழுத்துகளைப் பார்த்துவிட்டு, "நீங்கள்தானே ஐயர்?" என்று மடக்கினானாம். தாடியும் தலைப்பாகையுமாக இருந்த ஐயர், "என் பெயர் வீர விக்ரம் சிங்" என்றாராம் அலட்டிக்கொள்ளாமல். ஆள் அடையாளத்துக்கு அன்றைக்கு அவ்வளவுதான் ஆதாரம். பெட்டியில் மூன்று எழுத்து, வாயில் ஒரு பதில். போட்டோ ஒட்டிய புத்தகம் எதையும் யாரும் கேட்கவில்லை.

*

1914-இல் யுத்தம் வந்தது. ஒற்றர் பயம் பிடித்துக்கொண்டது. ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் என்று ஒவ்வொரு தேசமும் எல்லையில் ஆளை நிறுத்தி, "காகிதம் எங்கே?" என்று கேட்க ஆரம்பித்தன. போட்டோ ஒட்டிய பாஸ்போர்ட் பழக்கத்துக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். யுத்தம் முடியும்வரைதான் இந்தக் கெடுபிடி என்றார்கள்.

இந்தியாவிலும் அதே கதை. யுத்தத்துக்கு முன்னால் இந்திய பாஸ்போர்ட் கொடுக்கிற வழக்கமே இங்கே இல்லை. யுத்தகாலத்தில் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதி போட்டார்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் பாஸ்போர்ட் கட்டாயம். யுத்தம் முடிந்து ஆறு மாதத்தில் அந்தச் சட்டம் காலாவதியானது. விட்டார்களா? 1920-இல் இந்திய பாஸ்போர்ட் சட்டம் என்று தனியாகவே ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அதே 1920 அக்டோபரில் பாரிஸில் சர்வதேச சங்கம் ஒரு மாநாடு கூட்டியது. எல்லா தேசத்து பாஸ்போர்ட்டும் ஒரே மாதிரி இருக்கட்டும், அட்டை போட்ட 32 பக்கப் புத்தகமாக இருக்கட்டும் என்று சிபாரிசு செய்தார்கள். பழைய சுதந்திரம் படிப்படியாகத் திரும்பவேண்டும் என்கிற ஆசை அவர்களுக்கும் இருந்தது. 1926-இல் ஜெனீவாவில் மறுபடி கூடிப் பேசினார்கள். ஒழிக்க முடியாது என்று எழுந்து போனார்கள். தற்காலிகமாக வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான்.

இந்த விருந்தாளியின் குணம் முழுசாகத் தெரிந்தது ஆச்சார்யாவுக்குத்தான். யுத்தகாலத்தில் அவர் பெர்லினில் இந்தியப் புரட்சிக் குழுவில் இருந்தார். பிறகு காபூல். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். எம்.என்.ராயோடு ஒத்துப்போகவில்லை. மாஸ்கோவில் மக்தா நாக்மன் என்கிற ரஷ்ய ஓவியரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1922 கடைசியில் இருவரும் பெர்லின் வந்தார்கள்.

வந்தார்கள். மாட்டிக்கொண்டார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் அதே ஊரில் ஆச்சார்யா இஷ்டத்துக்கு நுழைந்து இஷ்டத்துக்குக் கிளம்பியிருக்கிறார். இப்போது முடியாது. பாஸ்போர்ட் வேண்டும். அதை யார் கொடுக்கவேண்டும்? இவர் யாரை எதிர்த்து வீட்டை விட்டு வந்தாரோ அந்த பிரிட்டிஷ் சர்க்கார்! வழக்குப் போடாமல் ஊர் திரும்ப அனுமதி கேட்டார். பாஸ்போர்ட் கேட்டார். எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். ராஜத்துரோகி என்று குறித்து வைத்திருக்கும் ஆளுக்கு அவ்வளவு சுலபத்தில் கொடுப்பார்களா?

ஹிட்லர் வந்தபிறகு பெர்லினில் இருப்பதே ஆபத்து என்றானது. மக்தாவின் தாயார் வழியில் ஒரு மதம், தந்தை வழியில் யூத வம்சம். நாஜிகளுக்கு அது போதும். இத்தனை வருட இழுபறிக்குப் பிறகு பாஸ்போர்ட் கைக்கு வந்தது. சூரிச், பாரிஸ் வழியாக ஆச்சார்யா 1935-இல் பம்பாயில் இறங்கினார். இருபத்தேழு வருடம் கழித்து! போகும்போது கேள்வியே கேட்கப்படாத மனிதர், திரும்பி வருவதற்கு வருடக்கணக்கில் மனுப்போட வேண்டியிருந்தது. 1954-இல் பம்பாயிலேயே காலமானார்.

கவனித்தீர்களா? அவரை நிறுத்தி வைத்தது ஐரோப்பா இல்லை. பாஸ்போர்ட் தரவேண்டியவன் தரவில்லை. அவ்வளவுதான். பூட்டு அப்போது நம் பக்கத்தில் இருந்தது.

*

சுதந்திரம் வந்தபிறகாவது அந்தப் பூட்டைத் திறந்தார்களா? இல்லை. சாவி மட்டும் கை மாறியது.

1954-இல் மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா, டெல்லி, நாக்பூர் என்று ஐந்து ஊர்களில் வட்டார பாஸ்போர்ட் ஆபீஸ்கள் வந்தன. அதுவரை மாகாண அரசுகள்தான் அந்த வேலையைப் பார்த்தன. ஆபீஸ் வந்ததே தவிர, பாஸ்போர்ட் என்பது சர்க்கார் மனசு வைத்துக் கொடுக்கிற சலுகையாகவே இருந்தது. படிக்காதவன், கையில் காசில்லாதவன், கூலி வேலைக்குப் போகிறவன் கேட்டால் கிடைப்பது கஷ்டம். வெளிநாட்டில் போய் இந்தியா மானத்தை வாங்கிவிடுவானாம். ஏழை இந்தியர்கள் கப்பலேறி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று லண்டன் கேட்டுக்கொள்ள, டெல்லி தலையாட்டிக்கொண்டிருந்த காலம் அது. அன்றைக்கு காமன்வெல்த் பிரஜைகள் பிரிட்டனுக்குள் நுழைய எந்தத் தடையும் கிடையாது. 1962-இல்தான் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். அதுவரை அவர்கள் செய்யவேண்டிய வாட்ச்மேன் வேலையை நாமே செய்துகொடுத்தோம்.

பாஸ்போர்ட் கிடைத்தாலும் பணம்? சேக்காட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், ஆவடியில், 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. சோஷலிச பாணி சமுதாயம்தான் லட்சியம் என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்து இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம். பெரிய பெரிய ஆலைகள், அவற்றுக்கு வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள். 1957-லேயே அந்நியச் செலாவணி கஜானா வற்ற ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு டாலரும் இரும்புக்கும் இயந்திரத்துக்கும் வேண்டும். இதில் நீங்கள் ஈஃபில் கோபுரம் பார்க்கப் போகிறேன் என்று டாலர் கேட்டால் யார் தருவார்கள்? டிக்கெட் வாங்கவே ரிசர்வ் வங்கியின் 'பி ஃபார்ம்' அனுமதி வேண்டியிருந்தது. அறுபதுகளின் பிற்பகுதியில் வெளிநாடு போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். கையில் எட்டு டாலரோடு விமானம் ஏறிய கதையைச் சொல்வார்கள். இப்போது ஒருவர் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். எட்டு எங்கே, இரண்டரை லட்சம் எங்கே!

சரி, நம் பக்கத்துப் பூட்டை உடைத்தது யார்? ஒரு வியாபாரி.

சத்வந்த் சிங் சாஹ்னி. ஏற்றுமதி, இறக்குமதி, மோட்டார் உதிரிபாகம் என்று தொழில் செய்துகொண்டிருந்தவர். வியாபார விஷயமாக அடிக்கடி வெளிநாடு போகிறவர். 1966-இல் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று அவருக்குக் கடிதம் வந்தது. அவர் நேராக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். கேள்வி எளிமையானது. எந்தச் சட்டத்தின்படி கேட்கிறீர்கள்?

சர்க்காரிடம் பதில் இல்லை. ஏனென்றால், வெள்ளைக்காரன் போட்டுவைத்த 1920 சட்டம் இந்தியாவுக்குள் வருவதைப் பற்றித்தான் பேசியது. வெளியே போவதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமும் இல்லை! நாற்பத்தாறு வருடமாக சட்டமே இல்லாமல், 'கொடுப்பேன், கொடுக்கமாட்டேன்' என்று நடத்திக்கொண்டிருந்தார்கள். 1967 ஏப்ரல் 10. தலைமை நீதிபதி கோகா சுப்பாராவ் தலைமையில் ஐந்து பேர். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு. வெளிநாடு போவது ஒருவனின் தனிமனித சுதந்திரத்தில் அடக்கம். சட்டம் இல்லாமல் அதைப் பறிக்க முடியாது. தீர்ப்புச் சொன்ன மறுநாள் சுப்பாராவ் பதவியைவிட்டு இறங்கினார். ஜனாதிபதி தேர்தலில் நிற்கப் போய்விட்டார்.

டெல்லி பதறிவிட்டது. மே மாதம் அவசரச் சட்டம், ஜூன் 24-இல் பாஸ்போர்ட் சட்டம் 1967. இன்றைக்கும் நம் பாஸ்போர்ட் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. கொடுக்க மறுத்தால் காரணம் எழுத்தில் சொல்லவேண்டும், அப்பீல் உண்டு என்று வந்தது.

பத்து வருடம் கழித்து, 1977 ஜூலையில், மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பொதுநலன் கருதிப் பறிமுதல் செய்தது ஜனதா சர்க்கார். காரணம் கேட்டார். அதே பொதுநலன் கருதி, காரணத்தையும் சொல்ல முடியாது என்றது! 1978 ஜனவரி 25 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. சட்டம் என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது, நடைமுறை நியாயமாகவும் இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டில் ஆரம்பித்த இந்த வழக்கைத்தான் ஐம்பது வருடமாக எத்தனையோ உரிமை வழக்குகளில் வக்கீல்கள் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, 1978-இல் நம் வாசல் கதவு திறந்தது. ஐரோப்பாவின் கதவும் அநேகமாகத் திறந்தே இருந்தது. 1977-இல் பிரத்யும்ன குமார் மகாநந்தியா என்கிற ஒரிசா ஓவியர், காதலித்த ஸ்வீடன் பெண்ணைப் பார்க்க டெல்லியிலிருந்து ஒரு செகண்ட்ஹேண்ட் சைக்கிளில் கிளம்பினார். ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி தாண்டி ஐரோப்பாவுக்குள் நுழைந்து ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார். பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டிருந்தால் அந்தக் காதல் டெல்லியிலேயே முடிந்திருக்கும்.

இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்த அந்தக் காலம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1980-லேயே மேற்கு ஜெர்மனி இந்தியர்களுக்கு விசா கட்டாயம் என்று சொல்லிவிட்டது.

*

இனி தமிழர்கள் வரும் கட்டம்.

1983 ஜூலை. கொழும்பு எரிந்தது. உயிர் பிழைத்தவர்கள் கிடைத்த திசையில் ஓடினார்கள். மண்டபத்துக்குப் படகில் வந்தவர்கள் நமக்குத் தெரியும். இன்னொரு வழி இருந்தது. அதிசயமான வழி. கொழும்பிலிருந்து மாஸ்கோ வழியாக விமானம். இறங்குமிடம் கிழக்கு பெர்லின்.

கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனி, அந்தப் பக்கம் கடந்து போகிறவர்களுக்கு டிரான்சிட் விசா கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு நகர ரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் மேற்கு பெர்லின். மேற்கில் இறங்கினால் பாஸ்போர்ட் பார்க்க ஆள் கிடையாது! ஏன் தெரியுமா? பெர்லினைப் பிரிக்கும் கோட்டை சர்வதேச எல்லை என்று மேற்கு ஜெர்மனி ஒப்புக்கொள்ளவேயில்லை. எல்லை என்று ஒப்புக்கொள்ளாத இடத்தில் எப்படி இமிக்ரேஷன் ஆபீசரை நிறுத்துவது? சொந்த ஜனங்கள் தாண்டிவிடக் கூடாது என்று சுட்டுத்தள்ளிய அதே பெர்லின் சுவர், யாழ்ப்பாணத்துப் பையன்களுக்கு மட்டும் வழிவிட்டது. ஆயிரக்கணக்கான பேர் இப்படித்தான் ஐரோப்பாவுக்குள் கால்வைத்தார்கள்.

வந்தது 1985. அந்த வருடம் மே கடைசியிலிருந்து ஜூலை வரையிலான ஒன்றரை மாதத்தை மட்டும் பாருங்கள்.

மே மாதக் கடைசியில் இலங்கைக்காரர்களுக்கு இனி விசா கட்டாயம் என்று அறிவித்தது பிரிட்டன். ஒரு காமன்வெல்த் நாட்டுப் பிரஜைகளுக்கு பிரிட்டன் விசா விதித்தது அதுதான் முதல்முறை.

ஜூன் 14-ஆம் தேதி. லக்ஸம்பர்க்கில் மோசல் ஆற்றங்கரையில் ஒரு குட்டிக் கிராமம். திராட்சைத் தோட்டங்கள். பக்கத்திலேயே பிரான்ஸ், எதிர்க்கரையில் ஜெர்மனி. ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் பெல்ஜியம், பிரான்ஸ், லக்ஸம்பர்க், நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி ஆகிய ஐந்து தேசத்துப் பிரதிநிதிகள் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இனி நமக்குள் எல்லைச் சோதனை வேண்டாம். கிராமத்தின் பெயர் ஷெங்கன்.

ஜூலையில் கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனியோடு கடன் பேச்சுவார்த்தையை முடித்தது. வட்டியில்லாக் கடன் வசதி அறுநூறிலிருந்து எண்ணூற்று ஐம்பது மில்லியனாக உயர்ந்தது. அதே மாதத்தில், போகும் நாட்டு விசா இல்லாத இலங்கைத் தமிழர்களுக்கு டிரான்சிட் கிடையாது என்று கிழக்கு ஜெர்மனி கைவிரித்தது. வணிகவியல் படித்தவனுக்கு இந்தக் கணக்கு புரிய நேரமாகாது. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டவர்கள் தமிழர்கள்.

ஐரோப்பா தனக்குள் இருந்த கதவுகளைக் கழற்றி, அந்த மரத்தையெல்லாம் கொண்டுபோய் வெளிவாசலில் அடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேலையும் ஒரே கோடைக்காலத்தில் நடந்தன.

கதவு மூடினால் ஆட்கள் நின்றுவிடுவார்களா? 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. உள்ளே 155 தமிழர்கள். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றார்கள் முதலில். உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து சரக்குக் கப்பலில் அழைத்து வந்து நடுக்கடலில் இறக்கிவிட்டிருந்தார்கள். ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் சொன்ன பொய். மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். கனடா அவர்களைத் தங்க அனுமதித்தது.

அதே 1986-இல் பாரிஸில் தொடர்ச்சியாகக் குண்டு வெடிக்க, பிரான்ஸ் ஏறக்குறைய உலகம் முழுமைக்கும் விசா விதித்தது. பிரிட்டன் இலங்கையோடு நிறுத்தவில்லை. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நைஜீரியா, கானா என்று பட்டியலை நீட்டியது. 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரூ விமானநிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, சிலர் ஓடுதளத்தின் குளிரில் உடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்றார்கள். படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. அடுத்து என்ன நடந்தது தெரியுமா? அந்த வருடமே பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. சரியான பேப்பர் இல்லாத பயணியைக் கொண்டுவந்தால், ஆளுக்கு ஆயிரம் பவுண்டு அபராதம். பயணிக்கு இல்லை. விமானக் கம்பெனிக்கு!

மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுன்டரில் இருக்கும் பெண், உங்கள் விசாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாரே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? அவர் போலீஸ் இல்லை, இமிக்ரேஷன் இல்லை. ஆனால், தப்பாக ஒருவரை ஏற்றினால் கம்பெனி காசு போகும். ஷெங்கன் நாடுகளும் இதே விதியைத் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டன. ஐரோப்பாவின் எல்லை ஐரோப்பாவில் இல்லை. நம்மூர் கவுன்டரிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

*

ஷெங்கன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1995 மார்ச் 26-இல். ஐந்து நாடுகளில் ஆரம்பித்தது இப்போது 29. கடைசியாக பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுசாக உள்ளே வந்தன. ஐரோப்பிய யூனியனில் இல்லாத ஸ்விட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் இதில் உண்டு. யூனியனில் இருக்கிற அயர்லாந்தும் சைப்ரஸும் இல்லை. பிரிட்டன் எப்போதுமே இல்லை. லண்டனும் பார்க்கவேண்டும் என்றால் தனி விசா.

ஒரே விசாவில் 29 நாடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், நாலைந்து மாதம் சுற்ற ஆசைப்படும் பிள்ளை இங்கேதான் இடறி விழுவான். அந்த 29-க்கும் சேர்த்து மொத்தமே 90 நாள். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90-ஐத் தாண்டக் கூடாது. நுழைகிற நாள், கிளம்புகிற நாள் இரண்டும் கணக்கில் சேரும். ஓர் உதாரணம். மே 1 உள்ளே போகிறீர்கள். தொடர்ந்து இருந்தால் ஜூலை 29 கடைசி நாள். அன்றைக்கு வெளியே வந்துவிட வேண்டும். மறுபடி உள்ளே நுழைய அக்டோபர் 28 வரை காத்திருக்கவேண்டும். "ஒரு வாரம் வெளியே போய்ட்டு வந்தா கணக்கு புதுசா ஆரம்பிச்சுடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆரம்பிக்காது.

அதுவும் 90 நாள் கொடுத்தால்தான். முதல்முறை போகிறவருக்கு விசா ஸ்டிக்கரில் 15, 20 என்று நாள் போட்டுத் தருவது சகஜம். விசா எந்தத் தேதி வரை செல்லும் என்பது வேறு, எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. இரண்டையும் பாருங்கள். எந்த நாட்டில் அதிக நாளோ அந்த நாட்டில் விண்ணப்பிக்கவேண்டும். எல்லாம் சமம் என்றால் முதலில் இறங்குகிற நாட்டில். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாக, ஐரோப்பாவைவிட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகிறதாக, இரண்டு பக்கம் காலியாக இருக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். ஒழுங்காகப் போய்த் திரும்பியவர்களுக்குச் சலுகை உண்டு. மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கிச் சரியாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு வருட மல்டிபிள் என்ட்ரி தரலாம் என்று 2024 ஏப்ரலில் விதியைத் தளர்த்தினார்கள். அடுத்தது ஐந்து வருடம்.

2025 அக்டோபர் 12 முதல் இன்னொரு மாற்றம். ரப்பர் ஸ்டாம்ப் போய், முகமும் கைரேகையும் கம்ப்யூட்டரில் ஏறும் முறையைத் தொடங்கினார்கள். முன்பெல்லாம் ஸ்டாம்ப் தேதியைக் கையால் எண்ணிப்பார்த்த ஆபீசர் ஒருநாள் இரண்டுநாள் தவறவிடலாம். கம்ப்யூட்டர் விடாது.

2024-இல் இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவுக்குப் போன விண்ணப்பம் பதினோரு லட்சத்துக்கு மேல். நிராகரிக்கப்பட்டது ஒன்றரை லட்சத்துக்கு மேல். கட்டணம் இப்போது 90 யூரோ. நிராகரித்தாலும் திரும்ப வராது.

இத்தனை பேப்பரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான். நீ யார் என்பதில்லை அது. 'நீ திரும்பிப் போவாயா?' சம்பளம், வேலை, பேங்க் பணம், வீட்டுப் பத்திரம் எல்லாமே அதற்கான ஜாமீன். ஆச்சார்யாவின் காலத்து சர்க்கார் இவன் வெளியே போய் என்ன செய்வானோ என்று பயந்தது. இன்றைக்கு ஐரோப்பா இவன் வெளியே போகாமல் இருந்துவிடுவானோ என்று பயப்படுகிறது. விருந்தாளிக்கு அன்று தன் வீட்டில் பூட்டு, இன்று போகிற வீட்டில் பூட்டு.

இதில் அடிபடுவது யார்? பேங்கில் பத்து லட்சம் வைத்திருப்பவர் இல்லை. குரூப் டூரில் பத்து நாளில் ஏழு நாடு பார்க்கிற குடும்பமும் இல்லை. நாளைக்கு எங்கே படுப்போம் என்று தெரியாமல் திரிவதுதான் முதுகுப்பைப் பயணத்தின் சுகமே. ஒவ்வொரு ராத்திரியும் எங்கே படுப்பாய் என்று முன்கூட்டியே ரசீது கேட்கிறது விண்ணப்பம். மகாநந்தியாவுக்கு இன்றைக்கு விசா கிடைக்காது. இருபத்தொரு வயது ஆச்சார்யா கொழும்புத் துறைமுகத்திலேயே நின்றிருப்பார்.

ஷெங்கன் விசா மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அப்பீல் செய்யவும் வழி உண்டு. மறுத்த நாட்டின் சட்டப்படி, பெரும்பாலும் அந்த நாட்டு மொழியில். முடிந்தால் செய்யுங்கள். சத்வந்த் சிங் சாஹ்னி வாங்கிக் கொடுத்த உரிமை விமானம் ஏறுகிற வரைக்கும்தான் கூட வரும். சேக்காட்டுப் பிள்ளை தன் நாட்டைவிட்டுக் கிளம்ப யார் தயவும் வேண்டாம். அதற்கே நமக்கு 1967 வரை ஆனது. அந்தப் பக்கத்துப் பூட்டு பற்றிக் கேட்பதற்குத்தான் இன்னும் கோர்ட் இல்லை.